குச்சியாக வந்த இருபது பேரிக்கன்றுகள்

27-12-2023, காலை

கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூரிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி: "இருபது பேரிக்கன்றுகளுக்குச் சொல்லிவைத்திருந்தேன். நேற்று வந்து சேர்ந்தன. இலை இல்லை, பை இல்லை, வேரில் ஒரு பிடி மண்கூட இல்லை. சாக்கில் சுற்றிய இருபது குச்சிகள். பட்டுப்போன குச்சிகளைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்கிறார் மாமா. திருப்பி அனுப்பிவிடலாமா அக்கா?"

27-12-2023, மதியம்

அனுப்பாதீர்கள். சாக்கைப் பிரித்து வேரைக் காற்றில் போட்டு வைத்திருந்தால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுப் போய் நனைத்து மூடிவிட்டு வாருங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

மூடியாகிவிட்டதா? இப்போது கேளுங்கள். பேரி, பிளம்ஸ், பீச், ஆப்பிள் எல்லாம் குளிர்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு உறங்கும் மரங்கள். அந்த உறக்கத்தில் இருக்கும்போது நாற்றங்காலிலிருந்து பெயர்த்து, மண்ணை உதறி, வேரை மட்டும் ஈரமாக வைத்து எங்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். இலை இல்லாததால் நீர் இழப்பு மிகக் குறைவு. டிசம்பர், ஜனவரிதான் அதற்குக் காலம். உங்கள் மாமா காய்கறி விவசாயி என்று நினைக்கிறேன். முட்டைக்கோஸ் நாற்று இப்படி வந்தால் அவர் சொல்வது சரி. பேரிக்கு அப்படி இல்லை.

சந்தேகம் தீர வேண்டுமானால் தண்டின் நடுவில் நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். பட்டைக்கு அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து தெரிந்தால் இன்னும் கீழே கீறிப் பாருங்கள். வேரையும் ஒன்றிரண்டு இடத்தில் பாருங்கள்: உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருக்க வேண்டும்.

27-12-2023, இரவு

இருபதும் பச்சை என்று எழுதியிருக்கிறார். நல்ல செய்தி.

குழி இன்னும் வெட்டவில்லையாம். அதற்காக அவசரப்பட்டு நட வேண்டாம். நிழலான இடத்தில் ஒரு முழ ஆழத்துக்கு வாய்க்கால் போல வெட்டி, கன்றுகளைச் சாய்த்துப் படுக்கவைத்து, வேர் முழுவதும் மறையும்படி ஈர மண்ணைத் தள்ளி மூடுங்கள். கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாகப் பரப்பிவையுங்கள். கட்டோடு புதைத்தால் நடுவில் இருக்கும் வேர்களில் மண் படாது, காற்று தங்கி உலர்ந்துவிடும். இப்படி மூன்று வாரம் வைக்கலாம். கண் (தண்டில் துளிர் வரும் மொட்டு) விரிவதற்குள் நட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

29-12-2023

குழி பற்றிக் கேட்டிருக்கிறார். இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். மரத்துக்கு மரம் ஐந்து மீட்டர். இப்போது பார்த்தால் இடைவெளி அநியாயத்துக்கு அதிகமாகத் தெரியும், விரலளவு குச்சிக்கு எதற்கு இவ்வளவு இடம் என்று தோன்றும். வில்பட்டியில் என் அப்பா வைத்த பேரி மரங்களுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. மூன்று மீட்டரில் வைத்த ஒரு வரிசை இருக்கிறது. நடுப்பகுதியில் வெயிலே விழாமல் காய் உச்சியில் மட்டும் பிடிக்கிறது, பறிக்க ஏணி போதாது.

வெட்டும்போது மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறுபக்கமும் போடுங்கள். குழிக்குள் எரு எதுவும் வேண்டாம்.

நம் மலையில் படிக்கட்டு நிலத்தில் ஒரு தொல்லை உண்டு. மேலே ஓரடி கறுப்பு மண், கீழே வழவழப்பான சிவப்புக் களி. களிக்குள் குழி வெட்டினால் அது அண்டா போல் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் அந்த இடத்தில் குழியை ஆழப்படுத்தாமல், பக்க மண்ணை இழுத்து ஓரடி மேடு கட்டி மேட்டின்மேல் நடுங்கள். பேரி மற்றவற்றைவிட ஈரத்தைப் பொறுக்கும் மரம்தான். ஆனால் பெயர்த்து நட்ட முதல் வருடம் வெட்டுப்பட்ட வேர் தேங்கிய நீரில் அழுகிவிடும்.

30-12-2023

எரு பற்றி நேற்று எழுதியதைத் திருத்துகிறேன்.

தோட்டக்கலைத் துறைக் கையேட்டில் குழிக்குத் தொழு உரம் போடச் சொல்லியிருக்கிறதே என்று கேட்டார். ஒரு இரவு முழுக்க யோசித்தேன். கையேடு தவறில்லை. நான் "எதுவும் வேண்டாம்" என்றது என் பழைய அடியினால் வந்த பேச்சு. ஒரு வருடம் சரியாக மட்காத சாணியைக் குழியில் கொட்டி, அன்றே கன்றையும் நட்டேன். சாணியின் சூட்டில் புதுவேர் கருகியது. தப்பியவையும் எரு மட்க மட்கக் குழியோடு சேர்ந்து கீழே இறங்கிவிட்டன. ஒட்டுக்கட்டிய இடம், அதாவது வேர்ச்செடியின்மேல் நல்ல ரகத்தை இணைத்த இடம், நான்கு விரல் மேலே இருந்தது, மறு வருடம் மண்ணுக்குள் போய்விட்டது.

ஆகவே சரியான பேச்சு இது: நன்றாக மட்கி, கையில் எடுத்தால் மண் வாசனை வரும் தொழு உரம் என்றால் மேல்மண்ணோடு கலந்து குழியை இப்போதே நிரப்பிவிடுங்கள். மூன்று வாரம் படிந்து இறங்கட்டும். பிறகு அதில் வேரளவுக்கு மட்டும் தோண்டி நடுங்கள். மட்கியதா என்று உறுதியில்லாத எருவை மண்ணுக்கு மேலே, தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பரப்புங்கள். யூரியா போன்ற உரங்களை நடும் நாளில் தொடவே வேண்டாம்.

08-01-2024

உறைபனியைப் பார்த்துப் பயந்து எழுதியிருக்கிறார். காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக இருக்கிறது, இந்த நேரத்தில் நடலாமா என்று.

உறங்கும் பேரிக்கு நம் மலையின் பனி ஒன்றும் செய்யாது. குளிர் போதாவிட்டால்தான் அதற்குச் சங்கடம். கண்கள் ஒழுங்காக விழிக்காமல், நுனியில் இரண்டு மட்டும் துளிர்த்து நடுத்தண்டு மொட்டையாக நிற்கும். பனி சுடுவது பூவையும் இளந்துளிரையும். மன்னவனூர்ப் பள்ளங்களில் குளிர்காற்று இறங்கித் தேங்கும். அதனால் நிலத்தின் ஆகத் தாழ்ந்த மூலையை விட்டுவிட்டுச் சரிவின் நடுப்பகுதியில் நடுங்கள். அந்த மூலையில் பூண்டு போட்டுக்கொள்ளலாம்.

பூண்டு என்றதும் ஒன்று. கன்றுகளுக்கு இடையே பூண்டு போடலாமா என்று முன்பே கேட்டிருந்தீர்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபின் இடைவெளி தெரிந்தால் எல்லாரும் பூண்டு ஊன்றுகிறார்கள். போடுங்கள், வேர் மேலோட்டமானது. ஆனால் கன்றைச் சுற்றி ஒன்றரை முழ வட்டத்துக்குள் வேண்டாம். பூண்டு பிடுங்கும்போது மண்வெட்டி பேரியின் புதுவேரில் விழும். விழுந்தது உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

20-01-2024, அதிகாலை

நாளை நடவு என்கிறார். இதைத்தான் விரிவாக எழுத வேண்டும். கன்று பிழைப்பதும் போவதும் பெரும்பாலும் இந்த ஒரு நாளில் முடிவாகிறது.

சில வருடங்களுக்கு முன் நாற்பது கன்றுகளை ஜீப்பின் பின்னால் போட்டு எடுத்துவந்தேன். அரை மணி நேரப் பயணம்தானே என்று ஈரச் சாக்கு போடவில்லை. வெயில்கூட இல்லை, மேகமூட்டம். காற்று மட்டும் அடித்தது. அந்த நாற்பதில் பதினொன்று துளிர்க்கவே இல்லை. நூல் போன்ற மெல்லிய வேர்கள்தான் நீரை உறிஞ்சுபவை, அவை காற்றுப்பட்ட சில நிமிடங்களில் செத்துவிடும். தடித்த வேர் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், நாம் ஏமாந்துபோவோம். அன்றிலிருந்து என் தோட்டத்தில் கன்று வாளியிலிருந்து நேராகக் குழிக்குத்தான் போகும்.

விடிந்ததும் வேரை இரண்டு மூன்று மணி நேரம் தண்ணீரில் வையுங்கள். நாள்கணக்கில் ஊறப்போட வேண்டாம், வேர் மூச்சுவிடாமல் தவிக்கும். பிறகு களிமண்ணும் கொஞ்சம் சாணியும் தோசைமாவு பதத்தில் கரைத்து, வேரை அதில் முக்கியெடுத்து, ஈரச் சாக்கால் மூடி நிலத்துக்குக் கொண்டுபோங்கள். ஒரு குழி முடிந்தபின்தான் அடுத்த கன்றை வெளியே எடுக்க வேண்டும். இருபதையும் இருபது குழிக்குப் பக்கத்தில் வரிசையாகப் போட்டுவிட்டு நடத் தொடங்குவதை இங்கே எல்லாத் தோட்டத்திலும் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது. கடைசிக் கன்று காற்றில் எவ்வளவு நேரம் கிடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

முறிந்த வேர், நசுங்கிய வேர் இருந்தால் கவாத்துக் கத்தரியால் நல்ல பாகம் வரை சுத்தமாக வெட்டுங்கள். நல்ல வேரைக் குழிக்குள் அடங்கவில்லை என்று வெட்டாதீர்கள், குழியைப் பெரிதாக்குங்கள். சுருட்டியும் திணிக்காதீர்கள். சுருண்ட வேர் அப்படியே தடித்துப் பின்னாளில் மரத்தைக் காற்றில் சாய்க்கும்.

குழியின் நடுவில் மேல்மண்ணால் சிறு கூம்பு கட்டி, அதன்மேல் வேரைக் குடை விரித்தது போல் பரப்புங்கள். ஒட்டுக்கட்டிய இடம் தண்டின் அடியில் சின்ன முழங்கை போல் வளைந்து தெரியும். அது தரை மட்டத்துக்கு நான்கு விரல் மேலே நிற்க வேண்டும். குழியின் குறுக்கே ஒரு கம்பை வைத்தால் மட்டம் தெரியும். ஒருவர் கன்றைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பொடிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட, பிடித்திருப்பவர் மெல்ல அசைத்துக் கொடுக்க வேண்டும். பாதி நிரம்பியதும் ஒரு குடம் தண்ணீர். அது மண்ணை வேர்களுக்கு இடையே இழுத்துக்கொண்டு போகும். மீதியையும் நிரப்பி, மீண்டும் ஒரு குடம். குதிகாலால் குத்தி மிதிக்காதீர்கள், உள்ளங்காலால் அழுத்தினால் போதும்.

20-01-2024, இரவு

தலையை வெட்டுவதை எழுத மறந்துவிட்டேன். நட்டபின் நாலடி, ஐந்தடி நிற்கும் தண்டை இரண்டரை அடி உயரத்தில், ஒரு நல்ல கண்ணுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்கள்.

22-01-2024

இருபதில் எட்டை மட்டும் வெட்டியிருக்கிறார். மற்ற பன்னிரண்டை வெட்ட மனம் வரவில்லையாம். உயரமாக, அழகாக, பக்கக்கிளையோடு இருக்கின்றனவாம்.

தம்பி, எனக்கும் முதலில் கை வரவில்லை. என் அப்பா வெட்டியதைப் பார்த்து ஒரு நாள் முழுக்க அவரோடு பேசாமல் இருந்திருக்கிறேன். ஆனால் நாற்றங்காலில் பெயர்த்தபோது வேரின் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிட்டது. மிச்சமிருக்கும் வேர் பங்குனி வெயிலில் ஐந்தடி தண்டின் அத்தனை இலைக்கும் நீர் கொடுக்க முடியாது. வெட்டினால் மூன்று நான்கு கண்களுக்கு மட்டும் கொடுத்தால் போதும், அவை முழு பலத்தோடு கிளைக்கும். அந்தக் கிளைகள்தான் பிற்காலத்தில் மரத்தின் தோள். வெட்டாத மரத்தில் முதல் கிளை தலைக்கு மேலே எங்கோ தொடங்கும்.

வெட்டிய முனையில் போர்டோ பசை (பூஞ்சையைத் தடுக்கும் பூச்சு) தடவுங்கள். ஒரு கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), ஒரு கிலோ சுண்ணாம்பு, பத்து லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு. இருபது கன்றுக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட அதிகம். பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். இரும்புப் பாத்திரத்தில் துத்தம் கெட்டுவிடும்.

23-01-2024

பன்னிரண்டில் பத்தை வெட்டிவிட்டார். இரண்டை மட்டும் பரிசோதனைக்காக வைத்திருக்கிறாராம். சரி, வைத்துப் பாருங்கள். நானும் தெரிந்துகொள்கிறேன்.

05-02-2024

ஊன்றுகோல் பற்றி. எல்லாக் கன்றுக்கும் கட்டாயம் என்று முன்பெல்லாம் சொல்லிவந்தேன். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி நம் மலை வரை வந்ததே, அதற்குப் பின் அப்படிச் சொல்வதில்லை. அந்த ஜனவரியில் நட்ட என் கன்றுகளில், கழுத்தளவில் இறுக்கிக் கட்டியவை கட்டிய இடத்திலேயே முறிந்துகிடந்தன. முழங்கால் உயரத்தில் தளர்வாகக் கட்டியவை சாய்ந்திருந்தன, நிமிர்த்தி மண் அணைத்ததும் பிழைத்துக்கொண்டன. தண்டு கொஞ்சம் ஆடினால்தான் அடி பருக்கும். வேர் அசையாமல் இருக்க வேண்டும், தண்டு ஆட வேண்டும். அதனால் தாழ்வாக, எட்டு வடிவில், சணல் கயிற்றால் கட்டுங்கள். கம்பி கூடவே கூடாது. சரிவில் காற்று படாத இடத்துக் கன்றுகளுக்கு ஊன்றுகோலே தேவையில்லை.

காட்டுமாடு பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது? உங்கள் பக்கத்தில் எங்களைவிட அதிகம். அது மேய்வதைவிட உடம்பைத் தேய்த்துக்கொள்வதில்தான் கன்று போகிறது. முயலுக்கு மட்டும் ஒரு வழி: தண்டைச் சுற்றி இரண்டடி உயரத்துக்குக் கம்பிவலை, தண்டைத் தொடாமல்.

02-03-2024

"பதினேழு துளிர்த்துவிட்டன அக்கா. மூன்று அப்படியே நிற்கின்றன. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு மறுபடி நட்டேன்."

பிடுங்கிப் பார்க்காதீர்கள்! கண் விரிவதற்கு முன்பே வேர் மண்ணுக்குள் வேலையைத் தொடங்கிவிடும். நீங்கள் பிடுங்கியபோது அந்தப் புதுவேர் அறுந்திருக்கும். கீறிப் பாருங்கள், போதும். பச்சை இருக்கும் வரை காத்திருங்கள். ஒரே நாற்றங்காலில் ஒரே நாளில் பெயர்த்த கன்றுகளுக்குள் ஐந்து ஆறு வாரம் முன்பின் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

மழை இல்லாத மாதம் இது. வாரம் ஒரு முறை ஒரு குடம், நிதானமாக ஊற்றுங்கள். தினமும் ஒரு செம்பு தெளிப்பதில் பயனில்லை, வேர் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். காய்ந்த புல்லை ஒரு சாண் உயரத்துக்கு மூடாக்குப் போட்டு, தண்டைச் சுற்றி மட்டும் ஒரு கை அகலம் விட்டுவிடுங்கள். பூ வந்தால் கிள்ளிவிடுங்கள். இந்த வருடமும் அடுத்த வருடமும் காய் வேண்டாம்.

17-03-2024

வெட்டாமல் விட்ட இரண்டில் ஒன்று வாடுகிறதாம். மற்றொன்று நன்றாகவே இருக்கிறதாம். அந்த இடத்தில் ஊற்று ஈரம் இருக்கிறது என்கிறார். ஈரம் எப்போதும் கிடைக்கும் இடத்தில் வெட்டாத கன்றும் தாங்கும் போலிருக்கிறது. இதைக் குறித்துக்கொள்கிறேன். வாடுவதை இப்போதாவது பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

21-04-2024

மூன்றில் ஒன்று ஏப்ரல் முதல் வாரத்தில் துளிர்த்தது. பிடுங்கி நட்டது போய்விட்டது, கீறினால் அடி வரை பழுப்பு. மூன்றாவதும் நேற்று துளிர்த்துவிட்டது, அடியிலிருந்து நல்ல வேகமாக வருகிறது என்று எழுதியிருக்கிறார். மிக்க மகிழ்ச்சி தம்பி! பொறுத்ததற்குப் பலன்.

22-04-2024

நேற்று மகிழ்ச்சியில் ஒரு வார்த்தையைக் கவனிக்காமல் விட்டேன். "அடியிலிருந்து" என்றால் எங்கிருந்து? அந்த முழங்கை வளைவுக்கு மேலா, கீழா? துளிரில் முள் இருக்கிறதா?

24-04-2024

கீழேதான். முள்ளும் இருக்கிறது. அப்படியானால் மேலே ஒட்டிய நல்ல ரகம் பட்டுவிட்டது, வருவது வேர்ச்செடி. விதையிலிருந்து வந்த பேரியின் இளங்கிளை முள்ளோடுதான் இருக்கும். காய்க்கும்போது சிறியதாக, கல் போல் இருக்கும்.

பிடுங்கிவிடலாமா என்கிறார். வேண்டவே வேண்டாம். வேர் ஊன்றிவிட்டதே, அதுதானே இத்தனை பாடும்! வரும் துளிர்களில் நேரான ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளுங்கள். ஜனவரிக்குள் பென்சில் கனம் வந்துவிடும். அதில் மறுபடி ஒட்டுக்கட்டலாம். மற்றக் கன்றுகளில் அந்த வளைவுக்குக் கீழே துளிர் வந்தால் மட்டும் அன்றன்றே கையால் கிள்ளி எறியுங்கள், விட்டால் அது மேல்மரத்தைத் தின்றுவிடும்.

13-10-2024

நீண்ட இடைவெளி. மழை நன்றாகப் பெய்து கன்றுகள் மூன்றடிக் கிளை விட்டிருக்கின்றனவாம். எல்லாக் கிளையும் துடைப்பம் போல் நேராக மேலே போகிறதே என்கிறார். பேரியின் குணம் அது. மூன்று நான்கு கிளைகளைத் தேர்ந்தெடுத்து, கயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டோ தரையில் முளையடித்து இழுத்தோ சாய்த்துவிடுங்கள். சாய்ந்த கிளைதான் சீக்கிரம் காய்க்கும். பச்சையாக இருக்கும்போது வளையும். அடுத்த வருடம் என்று விட்டால் அடியில் கிழிந்துவிடும்.

ஊன்றுகோல் கட்டுகளை இப்போதே தளர்த்துங்கள். என் தோட்டத்தில் நேற்று பார்த்தால் ஒன்றில் கயிறு பட்டைக்குள் இறங்கியிருந்தது.

09-01-2025

அந்த முள் வேர்ச்செடியில் கட்ட ஒட்டுக்குச்சிகள் எடுத்துவிட்டேன். அப்பா வைத்த மரங்களில் கிழக்கு ஓரத்து மரம். சென்ற வருடத்து வளர்ச்சியில் பென்சில் கனக் குச்சிகள் ஆறு. ஈரத் துணியில் சுற்றி, பாலித்தீன் உறைக்குள் போட்டு, மன்னவனூர் போகும் பஸ்ஸில் கொடுத்துவிட்டேன். வாங்கியதும் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். உள்ளே ஆப்பிளோ வாழைப்பழமோ இருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள், பழுக்கும் பழத்திலிருந்து வரும் வாயு கண்களைக் கெடுத்துவிடும்.

வேர்ச்செடியின் கண் லேசாக உப்பத் தொடங்கும்போது கட்டுங்கள். இரண்டையும் ஒரே சாய்வில் ஒரே இழுப்பாகச் சீவி, பட்டைக்கு அடியிலுள்ள பச்சை வரி ஒரு பக்கமாவது பச்சை வரியோடு சேரும்படி வைத்து, இறுக்கமாகச் சுற்றுங்கள். தனியே செய்யப் பயமாக இருந்தால் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

10-01-2025

"ஞாயிறு வாருங்கள் அக்கா. மாமா தனக்கும் பத்துக் கன்றுக்குச் சொல்லிவைத்திருக்கிறார். குழியை இப்போதே வெட்டி நிரப்பிவிட்டார். வேரில் மண் இருக்கக் கூடாது என்று நாற்றங்காலில் அவரே சொல்லிவிட்டு வந்திருக்கிறார்."

வருகிறேன். கவாத்துக் கத்தரியை நான் கொண்டுவருகிறேன், ஈரச் சாக்கு இரண்டு எடுத்துவையுங்கள். அந்தப் பத்தையும் நட்டுவிட்டுத் திரும்புகிறேன்.